பச்சைப் பொட்டு

நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்தவள் கீழ்வீட்டு அக்கா. ஏதோ சாவி வாங்க மாடிக்கு வந்தாள். வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச் போட்டபடி இருப்பதைப் பார்த்தாள். கை தானாகப் போய்விட்டது. கண் நிறையச் சோப்போடு இருட்டில் நின்று நான் கத்த, "உள்ள ஆள் இருக்கிறதுக்கு ஒரு பாட்டாவது பாடக் கூடாதா தம்பி?" என்று என்னையே திட்டிவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து நான் குளிக்கும்போது பாடுகிறேன். தெருவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அக்காவுக்குத் தொழில் துணி தேய்ப்பது. வீட்டின் முன்னறைதான் கடை. நீளமான மேசை, அதன் மேல் நாலாக மடித்த கம்பளி, ஓரத்தில் தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில், சுவரில் இஸ்திரிப் பெட்டிக்கான சுவிட்ச். பள்ளிச் சீருடை, வங்கிக்காரர்களின் சட்டை, பக்கத்து ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். வெகு காலத்துக்கு முன் ஒரு நாள் பெட்டியைப் போட்டபடி விட்டுவிட்டு வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். மேசையோடு சேர்ந்து சன்னல் திரையும் எரிந்தது. தொட்டிலில் இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மேசையில் அந்தக் கறுப்பு வடு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அக்கா அணைக்காமல் விட்ட சுவிட்ச் எதுவும் கிடையாது. தெருமுனை வரைக்கும் போனவள் சந்தேகம் வந்தால் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"ரெண்டு வீட்ல ரெண்டு லைட்டு எதுக்கு எரியணும், ஒரு வீட்ல ஒரு லைட்டு போதும்னுதான் இவ என்னைக் கல்யாணமே பண்ணிக்கிட்டா" என்பார் அவள் புருஷன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வண்டி நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் சத்தமாகவே பேசுவார்.

தொட்டிலில் இருந்த அந்த மகள்தான் இப்போது டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். தெருவுக்கு அந்த வித்தியாசம் புரியாது. முழங்கால் வலி என்று ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

"நான் அந்த டாக்டர் இல்லீங்க. மண்ணுல இருக்கிற நுண்ணுயிரைப் பத்திப் படிக்கிறவ."

"அதுங்களுக்கு என்ன வியாதி?"

"அதுங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. செடி வேருக்கு வர்ற வியாதியை அதுங்க தடுக்குமான்னு பாக்குறோம்."

"அப்ப முழங்காலுக்கும் ஏதாவது இருக்கும் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நகரவே இல்லை. கடைசியில் இவள் தைலம் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

ஆய்வகத்தில் அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தற்காலிக வேலை. மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது அங்கே தலைமையில் இருக்கும் மேடத்தின் கையில் இருந்தது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். சாப்பிடும்போது அவள் முகத்தை மட்டும் இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

சேர்ந்த புதிதில் அவளை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் காயவைக்கும் சூட்டுப்பெட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாமல் ராத்திரி பகலாகச் சுட்டுக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டாலும், வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார்கள். அக்கா வயிற்றில் பிறந்தவளுக்கு அது எப்படிப் பொறுக்கும்? ஒவ்வொரு கருவியும் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளந்தாள். அவர்களுடைய ஒரு மாடி மட்டும் எங்கள் தெரு முழுவதையும்விட அதிகமாகத் தின்றது. தூக்கியெறிந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் குழாய்களில் எதையெல்லாம் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்த்தாள். உறைகுளிர்ப் பெட்டிகள் இரண்டைக் காலிசெய்து ஒன்றாக்கினாள். அப்புறம் கருவிகளுக்கெல்லாம் பொட்டு ஒட்டினாள். சிவப்புப் பொட்டு என்றால் யாரும் தொடக் கூடாது. மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு அணைக்கலாம். பச்சை என்றால் போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். அந்தப் பொட்டுகளை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். நான் அங்கே பிழை திருத்துகிறவன். பொட்டில் எழுத்தே இல்லாததால் எனக்கு வேலை இருக்கவில்லை.

மேடம் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஒட்டிக்கோ. ஆனா இதால ஒருத்தரோட வேலை ஒரே ஒரு தடவை கெட்டாலும் எல்லாப் பொட்டையும் நானே உரிச்சுப் போடுவேன். அப்புறம் உன்னைப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றாராம். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் என்று ஒன்றை இவளும் இவளை மாதிரி இளசுகள் நாலைந்து பேரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் அக்கா வேறு துணி வாங்கவில்லை. ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டுகளைக் கறை எடுத்து, காலரில் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். "மூஞ்சி சுமாரா இருந்தாலும் கோட்டு நல்லா இருக்கணும்" என்றாள்.

சனிக்கிழமை காலை டாக்டரும் அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அக்கா புருஷனுக்கு வேன் வேலை. நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நுண்ணோக்கி முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கூட்டத்தை ஒதுக்கி நிறுத்தியவன், இவள் அண்ணா என்று கூப்பிடும் மூத்த மாணவன். ஆள் ஏகத்துக்கு உயரம். அங்கே எல்லோரும் நெட்டை என்பார்கள். பேசத் தெரியாதவன். யாராவது கேள்வி கேட்டால் காது சிவந்து, பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டினான்.

எங்கள் டாக்டர் பேசியதை நான் பின்வரிசையிலிருந்து கேட்டேன். "எங்க அம்மா துணி தேய்க்கிறவங்க. எங்க வீட்ல ஆள் இல்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா அன்னைக்கு எல்லாருக்கும் பூசை. அந்தப் பூசையைத்தான் நான் இங்க கொண்டுவந்தேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. அக்காவுக்கு வெட்கம் தாளவில்லை. என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது.

பிறகு பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு தாள் பச்சைப் பொட்டு. வீட்டுக்குப் போய், எதையெல்லாம் அணைக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். பிள்ளைகள் தாளை வாங்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. அந்தச் சந்தடியில் அக்கா கைகழுவப் போய்வந்தாள். மணி ஒன்று இருக்கும்.

ஐந்து மணிக்கு மேல்தான் கிளம்பினோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டாக்டருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை. மேடம் தோளைத் தட்டினாராம். நல்லா பண்ணின என்றாராம். நீட்டிப்பு வந்துவிடும் மாதிரி இருக்கிறது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான். ஒரே ஒரு குறை சொல்லட்டா?" என்றாள் அக்கா.

"சொல்லு."

"கைகழுவுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்குல்ல. அங்க ஒரு மிஷின், ஆளே இல்லாம தன்னால ஆடிட்டு நின்னுச்சு. கண்ணாடிக் குடுவையெல்லாம் சுத்திச் சுத்திக் குலுங்குது. கேக்க நாதி இல்ல. பாவமா இருந்துச்சு. அணைச்சுட்டு வந்தேன்."

டாக்டரின் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"எதைம்மா அணைச்ச?"

"அதான், அந்தக் குலுக்குற மிஷினை. ஏன்?"

"அதுல சிவப்புப் பொட்டு இருக்குமேம்மா."

"சிவப்பா? பச்சை. குனிஞ்சு பாத்துட்டுதானே கை வச்சேன். நீ சொன்ன மாதிரி."

"அம்மா, சிவப்பு. நானே ஒட்டினது."

"எனக்குக் கலர் தெரியாதாடி? சாயம் போன சட்டைக்கே கலர் சொல்றவ நான்."

டாக்டர் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் இறங்கினேன். எதிர்ப்பக்கம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் எனக்கு விளக்கினாள். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

"அது நெட்டை அண்ணாவோடது மாமா. மலை மலையா ஏறி மண்ணு எடுத்துட்டு வந்து, அதுலேருந்து பிரிச்ச ஆறு வகை. ஒன்றரை மாசமா நிறுத்தாம ஓடுது. குலுங்கினாத்தான் தண்ணிக்குள்ள காத்து போகும். நின்னா கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிடும். திங்கக்கிழமை இறக்கி எண்ணணும். அதை வச்சுத்தான் அவர் படிப்பையே முடிக்கணும்."

"மூச்சு விடுமா அது?" என்று அக்கா கேட்டாள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். தாழ்வாரமெல்லாம் காகிதக் கோப்பை. காலையில் அத்தனை கூச்சல் கேட்ட இடத்தில் எங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்டது. அந்தச் சின்ன அறையில் மிஷின் சத்தம் கேட்கவில்லை. குட்டை மேசை ஒன்றின் மேல் அந்தக் குலுக்கும் மிஷின் சும்மா நின்றது. ஆறு குடுவையிலும் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளையாக ஒரு படிவு, ஊறவைத்த அரிசி கழுவின தண்ணீரை அசையாமல் வைத்தால் படியுமே, அப்படி.

டாக்டர் சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஒரு உறுமலோடு ஆட ஆரம்பித்தது. படிந்திருந்தது எழும்பிக் கலந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறும் பழையபடி பால் மாதிரி ஆகிவிட்டன. ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருந்தது.

"சரியாப்போச்சுல்ல?" என்றாள் அக்கா.

"தெரியாதும்மா."

"நல்லாத்தானே இருக்கு பாக்க."

"பாத்தா தெரியாதும்மா."

டாக்டர் குனிந்தாள். மிஷினின் முன்பக்கம், ஒரு சின்னப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், பச்சைப் பொட்டு இருந்தது. கொஞ்சம் கோணல். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தார்கள். அதன் அடியில் சிவப்பின் ஓரம் நகம் அளவுக்குத் தெரிந்தது.

"நான் சொன்னேன்ல? பச்சைன்னு சொன்னேன்ல?" அக்காவின் குரலில் ஒரு கணம் உயிர் வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பிள்ளைங்களுக்கு வேற அச்சடிக்கலாம்னு சொன்னாங்க மாமா. சூரியன் படம், பூ படம் போட்டு. நான்தான் வேணாம்னேன். பொட்டு நிறைய மிச்சம் இருக்கு, அதையே கொடுக்கலாம், புதுசா அடிச்சா காகிதம் வீண்னு சொன்னேன். அதே பொட்டு. அதே அளவு. தேடிக் கண்டுபிடிச்சு ஒட்டுங்கன்னு வேற சொன்னேன். அந்தப் பிள்ளை தேடிக் கண்டுபிடிச்சிருக்கு."

நாற்காலி எடுக்க அந்த அறையைத் திறந்து, பூட்டாமல் விட்டதும் அவள்தான். அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கு அவளைத் தூக்கி நிறுத்த வேண்டும் போல இருந்தது. கை வரவில்லை.

அக்கா கதவை எட்டிப் பார்த்துவிட்டு மகளருகே குனிந்தாள்.

"அதை உரிச்சுடு. கீழ சிவப்பு இருக்குல்ல. மிஷினும் ஓடுது. யாருடி கேக்கப்போறா? தம்பி வெளிய சொல்லாது."

"அம்மா."

"இந்த மாசக் கடைசிடி. அந்தம்மா உன்னை என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டியா?"

"மறக்கலம்மா. ஆனா அவர் திங்கக்கிழமை எண்ணுவார். எண்ணிக்கை குறைஞ்சிருந்தா எதனாலன்னு அவருக்குத் தெரியாது. இந்த மண்ணோட குணம் இதுன்னு நினைச்சுப்பார். அப்படியே எழுதுவார். இன்னொருத்தர் அதைப் படிச்சுட்டு அதை வச்சு வேலை செய்வாங்க. நீ மதியம் ஒரு மணிக்கு அணைச்சதை உண்மைன்னு நம்பி எத்தனை பேர் ஏமாறணும்?"

டாக்டர் போனை எடுத்தாள். மேடத்துக்கு ஒன்று, நெட்டைக்கு ஒன்று. பொட்டை உரிக்கவில்லை.

நெட்டை வந்தபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. தலை நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே குடுவைகளுக்கு முன்னால் மண்டியிட்டான்.

"எவ்வளவு நேரம்?"

"மதியம் ஒரு மணியிலேருந்து அண்ணா. இப்பதான் போட்டேன்."

"யாரு அணைச்சது?"

"நான்தாம்பா" என்றாள் அக்கா. "என் பொட்டு அண்ணா" என்றாள் மகள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவன் அக்காவை ஒரு தரம் பார்த்தான், பிறகு அந்தப் பச்சைப் பொட்டை. காலையில் வாயே திறக்காத ஆள், இப்போது பேசினான்.

"உனக்கு மேடை இருக்கு. கைதட்ட ஆள் இருக்கு. பிள்ளைங்களோட போட்டோ இருக்கு. எனக்கு இந்த ரூம்ல இருக்கிறது மட்டும்தான் இருக்கு. நாளைக்குப் பூமியைக் காப்பாத்தணும், சரி. இதையும் பாத்திருக்கலாம்ல?"

எங்களைப் போகச் சொன்னான். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த நீள உடம்பைச் சுருட்டி, கன்னத்தை மிஷின் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் இறங்கியபோது கீழ்வீடு கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். ஆனாலும் சமையலறையில் விளக்கு, நடையில் விளக்கு. ஆளில்லாத படுக்கையறையில் மின்விசிறி சுழன்றது. அக்கா முன்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மேடம் திங்கட்கிழமை நேரில் பேசலாம் என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தாலாவது தெரிந்திருக்கும்.

அக்கா புருஷன் மட்டும் ஓயாமல் நடந்தார்.

"மிஷின் ஓடுதுல்ல? அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டணும்? அரிச்சந்திரன் பரம்பரையா நாம? வண்டியில ஒரு கீறல் விழுந்தாக்கூட நான் ரெண்டு நாள் யோசிச்சுத்தான் ஓனருக்குச் சொல்வேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

"எப்படிச் சும்மா இருக்கிறது? அந்தப் பையன் படிப்பு கெட்டா அவன் வீட்ல என்ன நினைப்பாங்க? இவ வேலை போனா நாம என்ன நினைக்கிறது? ஒரு சுவிட்ச்சு! எத்தனை வருஷமா சொல்றேன், கை வச்ச இடமெல்லாம் அணைக்காதேன்னு."

அக்கா தலைநிமிரவில்லை. அவருக்கே பேசிவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும். டீ வாங்கி வருவதாகத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் கூடப் போனேன். கடை வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது தெருவிலேயே தீய்ந்த வாசனை வந்தது. டீத் தூக்கை வாசலில் போட்டுவிட்டு ஓடினோம்.

மேசையில் இஸ்திரிப் பெட்டி நிமிர்த்தி வைக்காமல் ஒரு பள்ளிச் சட்டையின் மேல் கிடந்தது. சட்டை பழுத்து, கறுத்து, புகைந்துகொண்டிருந்தது. அக்கா அதற்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சுவிட்சுக்கு நேராக நீண்டு, பாதியில் நின்றிருந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த டாக்டர்தான் எல்லோருக்கும் முந்திப் பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டில் தண்ணீரை அப்படியே சட்டைமேல் கொட்டினாள்.

"அம்மா! என்னம்மா ஆச்சு உனக்கு?"

"திங்கக்கிழமை யூனிஃபார்ம் ஆச்சே, நாலு உருப்படியாவது தேய்ப்போம்னு போட்டேன். அப்புறம் அணைக்கலாமா வேணாமான்னு நின்னுட்டேன்." அக்கா தன் கையைப் பார்த்தாள். "கை போகமாட்டேங்குதுடி. தொட்டா எங்கேயாவது எதாவது செத்துடுமோன்னு இருக்கு."

டாக்டர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. அக்கா புருஷன் புகையைத் துண்டால் விசிறிக்கொண்டே நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. புகையால் என்று வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை காலை டாக்டர் தனியாகத்தான் போனாள். நானும் வருகிறேன், அந்த அம்மா காலில் விழுகிறேன் என்று அக்கா கிளம்பி நின்றாள். "நீ வந்தா நான் உன் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று அவள் தடுத்துவிட்டாள். நான் அச்சகத்தில் அன்று நாலு பக்கம் திருத்தினேன். அதில் நான் விட்ட பிழையை முதலாளி கண்டுபிடித்தார். போன் ஒன்றும் வரவில்லை. வேலை முடிந்து வந்து கீழ்வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா புருஷன் வேனை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. யாரும் அணைக்கப் போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்தாள். அவளுக்குப் பின்னால், நிலையில் இடிக்காமல் தலை குனிந்து, நெட்டை வந்தான்.

அக்கா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லக்கூட வாய் வரவில்லை. நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்கார்ந்ததும் முழங்கால் மேசையில் முட்டியது.

"இறக்கிப் பாத்தோம்மா" என்றான் அவன், தரையைப் பார்த்து. "ஆறுல நாலு போச்சு. ரெண்டு பொழச்சிருக்கு. ஆனா அதையும் கணக்குல எடுக்க முடியாது. மறுபடி முதல்லேருந்து போடணும்."

"மண்ணு?" என்றாள் அக்கா. "மறுபடி மலை ஏறணுமாப்பா?"

"இல்லம்மா. விதை மாதிரி கொஞ்சம் உறையவச்சு எடுத்து வச்சிருக்கு. அது இருக்கு. ஒன்றரை மாசம்தான் போச்சு."

ஒன்றரை மாசம்தான் என்று அவன் சொன்னாலும், விரல்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தன.

"மேடம் என்ன சொன்னாங்க?" அக்கா புருஷனால் பொறுக்க முடியவில்லை.

டாக்டர் சொன்னாள். "எல்லாரையும் வச்சுக் கேட்டாங்கப்பா. பொட்டை ஏன் உரிக்கலைன்னு கேட்டாங்க. உரிச்சிருந்தா தப்பு மண்ணோடதுன்னு ஆயிருக்கும்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. இனிமே பொதுமக்கள் வர்ற நாள் வேற ஒருத்தர் பொறுப்புல. நான் பேசலாம், நடத்தக் கூடாது. சிவப்புப் பொட்டை எடுத்துட்டுத் தகடு அடிக்கணும், பிளக்குக்கு மூடி போடணும். பச்சையும் மஞ்சளும் இருக்கட்டும்னுட்டாங்க."

"உன் வேலை?"

"ரெண்டு மாசம் மட்டும் நீட்டிச்சிருக்காங்க. அண்ணாவோட புது குடுவை நல்லபடியா முடியட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம்னாங்க. அதுவரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் அதைப் பாத்துக்கிறது என் வேலை."

அக்கா புருஷன் பெருமூச்சு விட்டார். வேலை போகவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. இனி இரண்டு மாதம் இந்த வீடு அந்தக் குடுவைகளோடு சேர்ந்துதான் மூச்சு விடும்.

"மேடம் ஒண்ணு கேட்டாங்க" என்றான் நெட்டை திடீரென்று. "வெளியாளு எப்படித் தொடலாம்னு. நான் சொன்னேன், பச்சை இருந்துச்சு, குனிஞ்சு பாத்துட்டு அணைச்சிருக்காங்க. அங்க வேலை செய்ற நாங்ககூட அப்படிக் குனிஞ்சு பாக்கிறதில்ல. நான் அந்தப் பக்கம் போயிருந்தாலும் அணைச்சிருப்பேன்." காது சிவந்துவிட்டது. "கோவம் போயிடுச்சுன்னு சொல்ல வரலம்மா. இருக்கு. ஆனா உங்க மேல இல்ல. நீங்க சுவிட்சைத் தொடவே பயப்படுறீங்கன்னு இவ சொன்னா. அதான் வந்தேன்."

அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் குடித்து முடித்தான். படுக்கையறையில் மின்விசிறி கடகடவென்று சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் டம்ளரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்லப்பா."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு அந்தப் பையனிடம், தன் பிள்ளை வயது பையனிடம், கேட்டாள்.

"அணைக்கட்டுமாப்பா?"

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அணைங்கம்மா."

அக்கா உள்ளே போனாள். மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. அப்புறம் நடை விளக்கு போயிற்று. சமையலறை விளக்கு போயிற்று. அவள் காலடி ஒவ்வோர் அறையாகப் போய்வருவது கேட்டது, முதலில் தயங்கி, பிறகு பழைய வேகத்தில். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். அவளும் அப்பாவும் நெட்டையை வழியனுப்ப வாசலுக்குப் போனார்கள். அக்கா அவர்கள் பின்னாலேயே வந்தவள், போகிற போக்கில் முன்னறைச் சுவிட்சிலும் கைவைத்தாள்.

நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். இருட்டில் உட்கார்ந்தபடி, சத்தம் போடாமல் இருந்தேன்.